ஏரிக்கரைச் சந்திப்பும் ஆசிரியர் அறைச் சிரிப்பும்



சென்ற மாதம் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு சிறு நிகழ்வு. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பையில் வீட்டுப்பாட ஏட்டைத் தேடிய ஆசிரியரின் கையில் ஓர் அட்டை அகப்பட்டது. வண்ணத்தாளை இரண்டாக மடித்து, நடுவில் இதய வடிவம் வரைந்து, உள்ளே மூன்று வரிகள் எழுதியிருந்தான். அதே வகுப்பில் பயிலும் ஒரு மாணவியின் பெயர் மேலே இருந்தது. 'எனக்கு பிடிக்கும்' என்று வல்லின ஒற்றை விட்டுவிட்டு எழுதியிருந்தான். அதைத் தவிர அந்த அட்டையில் குற்றம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

ஆனால், அட்டை மேசைக்கு மேசை பயணம் செய்தது. ஒருவர் அதை உரக்கப் படித்தார். இன்னொருவர் பழைய திரைப்பாடல் ஒன்றை முணுமுணுத்தார். "திங்கட்கிழமை சபைகூடலில் படித்துக் காட்டினால்தான் மற்றப் பிள்ளைகளுக்கும் புத்தி வரும்" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கருத்துரைத்தார். கூடவே கூடாது என்றேன். நான் எண்ணியதைவிட என் குரல் சற்று உயர்ந்துவிட்டது போலும். "ஏன் சார் இவ்வளவு கோபம்? சொந்த அனுபவமோ?" என்று ஓர் ஆசிரியை கேட்க, அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவ்வாறு சேர்ந்து சிரித்ததுதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்று ஒரு முறை சிரித்திருக்கிறேன். ஆம், சொந்த அனுபவந்தான். துணைவியாரின் இசைவைப் பெற்ற பின்னரே அதை இங்கு எழுதத் துணிகிறேன். (அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "செண்டோலுக்கு யார் காசு கொடுத்தது?" அதற்கும் விடை கீழே உண்டு.)

1996ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினாறு, படிவம் 4. எங்கள் வீடு தைப்பிங் நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். நான் படித்த இடைநிலைப்பள்ளியில் தமிழுக்குக் கால அட்டவணையில் இடமில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்க விரும்பியவர்கள் சனிக்கிழமை காலையில் பட்டணத்துப் பள்ளி ஒன்றில் கூடுவோம். 'பி.ஓ.எல்.' வகுப்பு என்றால் என் வயதொத்த மலேசியத் தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பல பள்ளிகளின் மாணவர்கள் ஒரே அறையில் இருப்போம். பையன்கள் சன்னல் பக்கம், பெண்பிள்ளைகள் கதவுப் பக்கம். யாரும் கோடு போடவில்லை. ஆனால் கோடு இருந்தது.

கதவுப் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி இருந்தார். அன்று 'அவள்', இன்று எழுதும்போது 'அவர்' என்றே வருகிறது, அப்படியே இருக்கட்டும். வகுப்பில் அவருக்கு நிகராகத் தமிழ் எழுதியவர் எவருமில்லர். வலிமிகும் இடங்கள், மிகா இடங்கள் எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. வார இதழ் ஒன்றின் மாணவர் பகுதியில் அவருடைய கவிதையும் வந்திருந்தது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு, நாங்கள் விழிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிறகு அவர் பக்கம் திரும்புவார். விடை வந்துவிடும்.

'காதல் கோட்டை' திரைப்படம் அவ்வாண்டுதான் வெளிவந்தது. ஒருவரையொருவர் பாராமலே கடிதத்தில் அன்பு வளர்க்கும் கதை. எங்கள் நிலை அதற்கு நேர்மாறானது. வாரந்தோறும் பார்த்துக்கொண்டோம், ஒரு சொல்கூடப் பேசியதில்லை. படம் தந்த துணிவில் நானும் ஒரு கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். இலக்கண நூல் ஒன்றை இரவல் கொடுப்பதுபோல் அதனுள் வைத்துக் கொடுத்தேன். மறுவாரம் நூல் திரும்பி வந்தது. கடிதமும் அதனுள்ளேயே இருந்தது. பென்சிலால் ஒன்பது இடங்களில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்திருந்தார். இறுதியில் ஒரே ஒரு வரி: அடுத்த சனிக்கிழமை வகுப்பு பத்து மணிக்கே முடிகிறது, ஏரிப் பூங்காவைப் பார்த்து நாளாயிற்று.

அந்த ஒரு வாரம் நான் தூங்கியதாக நினைவில்லை. என்ன பேசுவது என்பதே பெரும் அச்சமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி கட்டுரைச் சட்டகம். ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். முன்னுரை: நலம் விசாரித்தல். கருத்து ஒன்று: குடும்பம். கருத்து இரண்டு: பிடித்த பாடம். கருத்து மூன்று: எதிர்கால இலட்சியம். இப்படியே ஆறு கருத்துகள். முடிவுரை: நன்றி கூறுதல். அண்ணனின் கட்டம் போட்ட சட்டையைக் கேட்காமல் எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். அம்மாவிடம் சிறப்பு வகுப்பு என்று பொய் சொன்னேன். கையில் ஆறு வெள்ளி இருந்தது.

வகுப்பு முடிந்ததும் பள்ளிக் கழிப்பறையில் சட்டையை மாற்றினேன். மேலே கட்டம் போட்ட சட்டை, கீழே பள்ளியின் பச்சை நிறக் கால்சட்டை, காலில் வெள்ளைக் காலணி. என் தோற்றத்தை இப்போது எண்ணினாலும் கூச்சமாக இருக்கிறது. அவரோ நீல நிறப் பள்ளிச் சீருடையிலேயே வந்தார். "நீங்க மாத்தலையா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். அவர் எதையும் மறைக்க வரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒளிக்கவேண்டிய காரியம் என்று முதலில் முடிவு செய்தவன் நான்தான்.

தைப்பிங் ஏரிப் பூங்காவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தை 1880ஆம் ஆண்டில் பூங்காவாக்கினார்கள். ஈயச் சுரங்கத்தை நம் முன்னோர் 'லம்பம்' என்பார்கள். அந்த லம்பக் குழிகள்தாம் இன்றைய ஏரிகள். கரையோரச் சாலையில் பழம்பெரும் தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும். கிளைகள் சாலையைத் தாண்டி வளைந்து நீரைத் தொடும். பின்னால் மலை. அழகான இடந்தான். ஆனால் அங்குள்ள மழையை நம்பக்கூடாது. தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர் எங்கள் ஊர். குடை இல்லாமல் ஏரிக்குப் போகிறவன் அவ்வூர்க்காரனாக இருக்கமாட்டான். அன்று நான் குடை எடுத்துச் செல்லவில்லை. சட்டைக்கே பையில் இடம் போதவில்லை.

பத்தடி இடைவெளி விட்டு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கல் இருக்கையில் ஆளுக்கு ஒரு முனையில் அமர்ந்தோம். நடுவில் இரண்டு புத்தகப்பைகள். நான் முன்னுரையைத் தொடங்கினேன். நலம் கேட்டாயிற்று. குடும்பம் கேட்டாயிற்று. பிடித்த பாடமும் கேட்டாயிற்று. ஆறு கருத்துகளும் பத்து நிமிடத்திற்குள் தீர்ந்துவிட்டன. பிறகு அமைதி. எதிரே ஒரு சீனக் குடும்பம் மீன்களுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. அந்த ரொட்டி முழுவதும் தீரும்வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க ஏன் கைக்குள்ள எதையோ பாத்துப் பாத்துப் பேசுறீங்க?" என்றார்.

மறைக்க முயன்றேன், முடியவில்லை. தாளை வாங்கிப் படித்தார். 'முடிவுரை: நன்றி கூறுதல்' என்ற இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கு ஏரியில் குதித்துவிடலாமா என்றிருந்தது. ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நாங்கள் உண்மையாகவே பேசினோம். 'எதிர்கால இலட்சியம்' என்ற கருத்துக்கு நான் விமானி என்று ஒப்பித்திருந்தேன். "நெசமாவா?" என்று கேட்டார். இல்லை, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழாசிரியர் ஆகவேண்டும், தமிழ்ப்பள்ளியில்தான் வேலை செய்யவேண்டும் என்றார். அப்படி ஒரு வேலையை யாராவது விரும்பி ஏற்பார்களா என்று நான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

மழை வந்தது. அவரிடம் குடை இருந்தது. ஒரே குடைக்குள் நிற்பது முறையல்ல என்று நான் வெளியே நடந்தேன். சாலையோரச் செண்டோல் கடையின் கூரையை அடைவதற்குள் முழுவதும் நனைந்துவிட்டேன். இரண்டு கிண்ணம் செண்டோல் வாங்கினோம். நான் தருகிறேன் என்று ஈரக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். நோட்டு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதற்குள் அவர் தம் பங்குக் காசைச் சில்லறையாக எண்ணி மேசைமேல் வைத்துவிட்டார். ஆக, ஆளுக்குப் பாதி. மழை விட்டதும் அவர் ஒரு பேருந்து, நான் ஒரு பேருந்து. எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். கைகூடப் படவில்லை. 'டேட்டிங்' என்று இக்காலப் பிள்ளைகள் எதையெல்லாமோ சொல்கிறார்கள். என் வாழ்வின் முதல் சந்திப்பு இவ்வளவுதான்.

இத்துடன் முடிந்திருந்தால், பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க ஒரு வேடிக்கைக் கதையாக இருந்திருக்கும். செண்டோல் கடையில் எங்களைத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வீடு போய்ச் சேரும்முன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் எங்கள் சந்திப்பு மூன்று மணி நேரமாக வளர்ந்திருந்தது. ஒரே குடைக்குள் நடந்ததாகவும் ஆகியிருந்தது. சட்டைக்காக அண்ணன் ஓர் அறை விட்டான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா, "ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான். பரிட்சைய மட்டும் பாரு" என்று முடித்துவிட்டார். தேநீர்க்கடையில் ஓர் அண்ணன் என் முதுகில் தட்டிக் கண் சிமிட்டினார். எனக்குக் கிடைத்த தண்டனை இவ்வளவே. உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வந்திருந்தார். எங்கள் ஆசிரியர் நல்லவர். இலக்கணத்தின் அடிப்படையை அவரிடந்தான் கற்றேன், அந்நன்றி என்றும் உண்டு. அவரும் செய்தியைக் கேள்விப்பட்டிருந்தார். வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, நாற்பது பேருக்கு முன்னால், கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டார்: "இன்னைக்குத் தமிழ் வகுப்பா, ஏரிக்கரை வகுப்பா?"

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவன் என்னை இடித்தான். நானும் சிரித்தேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டார். ஏட்டை மூடினார். வகுப்பு முடியும்வரை அப்படியே அமர்ந்திருந்தார். அன்று ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு இரண்டாம் வரிசையைப் பார்த்தபோது விடை வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை அவரும் வரவில்லை. தமிழ் படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று அவருடைய தோழி வழியாகத் தெரிந்தது. எஸ்.பி.எம். தேர்வில் அவர் தமிழை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். அந்தத் தேர்ச்சியைக் கொண்டுதான் பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைந்தேன். வலிமிகும் இடம் தெரியாதவன் தமிழாசிரியர் ஆனான். தெரிந்தவர் ஆகவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் யாருக்கும் ஒரு கேடும் செய்யவில்லை. கேடு செய்தது, அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசிய பேச்சு. நம் இலக்கண நூலார் இதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். பலரறியப் பேசினால் அலர். திருக்குறளிலும் 'அலரறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அலர் அன்புக்கு எருவாகிறது. காதலர் அதனை வரவேற்கவும் செய்கிறார்கள். அது இலக்கியம். எங்கள் ஊரில் அது ஒரு மாணவியின் பாடத்தையே அறுத்துவிட்டது. சபைகூடலில் அட்டையைப் படிக்கலாம் என்று சொன்ன நண்பரும் கெட்டவர் அல்லர். ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் பழைய ஆசிரியரும் அந்த எண்ணத்தில்தான் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். சொல்லி முடிந்ததும் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. கேலி இருவர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. அட்டையை எழுதியவன் பையன். சபைகூடலில் படித்தால் அவன் ஒரு வாரம் தலை குனிவான். அடுத்த வாரம் நண்பர்களிடையே வீரனாகிவிடுவான். அட்டையில் பெயர் மட்டும் உள்ள சிறுமி என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை, அட்டை அவள் கைக்குப் போய்ச் சேரக்கூட இல்லை. ஆனாலும் ஆண்டு முழுவதும் அந்தப் பெயரோடு அவள் ஒட்டப்பட்டிருப்பாள். வீட்டுக்குச் செய்தி போனால் அவளிடந்தான் கேட்பார்கள்: "நீ என்ன சிரிச்சுப் பேசின?" மறுப்பவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

அடுத்தது, சொல் பற்றியது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. பேச நா எழவில்லை. இதற்கு நாம் என்ன பெயர் சொல்கிறோம்? நேரே 'காதல்' என்கிறோம். அதுவோ திரைப்படங்களில் உயிரைக் கொடுத்தும் உயிரை எடுத்தும் கனத்துப்போன சொல். இல்லையென்றால் 'கெட்டுப்போயிட்டான்' என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய உணர்வுக்குச் சிறிய சொல்லாக நம் வீடுகளில் எதுவும் புழங்குவதில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'பிடிக்கும்' என்பதே போதும். அந்த அட்டையில் பையன் அதைத்தான் எழுதியிருந்தான். அதைப் பார்த்துக் 'காதல்' என்று படித்தவர்கள் நாம்தான்.

நம்மிடம் மொழி இல்லாமல் இல்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 அதிகாரங்கள் காமத்துப்பால். இத்தனை ஆண்டுகளில் நான் வகுப்பில் கற்பித்த குறள்கள் யாவும் முதல் இரண்டு பால்களைச் சேர்ந்தவையே. தொடக்கப்பள்ளியில் அது சரிதான். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு வியப்பு: 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு திருக்குறளில் இரண்டு முறை வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம்; காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். ஒன்று பிறர் மனத்தில் உள்ளதை முகத்தைக் கொண்டு அறிவது. மற்றொன்று காதலர் கண்ணால் அறிவது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என்று மூன்றாவது ஒன்று எழுதப்படவில்லை. முகம் வாடிய பிள்ளையைக் கண்டு "என்னப்பா?" என்று கேட்பதற்கு அதிகாரம் தேவையில்லைதான்.

பெற்றோர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, "சார் பிள்ளைகளுக்குப் பச்சைக்கொடி காட்டுகிறார்" என்று எண்ணக்கூடும். இல்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இணைசேர்ந்து திரியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோரின் அச்சமும் பொய்யன்று. எங்களுக்கு ஏரிக்கரை வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைக்குப் படுக்கையறையும் கைப்பேசியும் போதும். மறுமுனையில் இருப்பவர் பதினைந்து வயதுப் பையன்தானா, முப்பத்தைந்து வயது ஆடவனா என்பது தெரியாது. சிறாரிடம் நயமாகப் பேசிப் பழகித் தவறான நோக்கத்திற்கு வளைப்பதைத் தனிக் குற்றமாக்கி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் சட்டம் வந்ததே, அந்த அச்சம் உண்மையானது என்பதற்குச் சான்று. நலக்கல்வி வகுப்பில் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று நாமும் படங்காட்டிக் கற்பிக்கிறோம்.

ஆனால், அதே அச்சத்தை வைத்துத்தான் நான் வாதாடுகிறேன். வகுப்புத் தோழன் கொடுத்த ஓர் அட்டையைப் பற்றி வீட்டில் சொன்னால் அடி விழும், பள்ளியில் சொன்னால் சிரிப்பு எழும் என்று கற்றுக்கொண்ட பெண்பிள்ளை, நாளை முகந்தெரியாத ஒருவன் அனுப்பும் படத்தைப் பற்றி யாரிடம் சொல்வாள்? சிறியதைச் சொல்ல முடியாத இடத்தில் பெரியதைச் சொல்லமாட்டாள். சந்திப்புகளை ஒளிக்கவேண்டும் என்று நாம் கற்பித்துவிட்டோம். ஒளிவிடம் தேடுகிறவனுக்கு அதுதானே வசதி! நான் அம்மாவிடம் 'சிறப்பு வகுப்பு' என்று பொய் சொன்னதை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். "வகுப்புத் தோழியோடு ஏரிக்குப் போகிறேன்" என்று சொல்லக்கூடிய வீடாக இருந்திருந்தால், அம்மா, "குடைய எடுத்துக்கிட்டுப் போ" என்றிருப்பார். செண்டோல் கடைக்காரருக்குக் கொண்டு செல்லச் செய்தியே இருந்திராது.

எழுதுவது எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மகள் படிவம் 3 படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன், இரவு உணவின்போது, வகுப்பில் ஒரு பையன் படம் பார்க்க அழைக்கிறான், இன்னும் இரண்டு தோழியரும் வருகிறார்கள், போகட்டுமா என்று கேட்டாள். மேலே எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பையன் பெயர் என்ன, எந்த வீடு, தந்தை என்ன வேலை என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டேன். "அப்பா, உங்க முகம் ஏன் இப்படிப் போவுது?" என்றாள். குறிப்பறிதலை அவள் என்னைவிட நன்றாகக் கற்றிருக்கிறாள். கடைசியில் நானே மகிழுந்தில் கொண்டுபோய் விட்டேன். படம் முடியும்வரை பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்திலேயே அமர்ந்து கட்டுரைகள் திருத்தினேன். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததாக அவளிடம் சொன்னேன். அதுவும் பொய்தான்.

அவரைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். 2011ஆம் ஆண்டு, ஒரு திருமண மண்டபத்தில். கணவரிடம் "தமிழ் வகுப்புல ஒண்ணாப் படிச்சவரு" என்று அறிமுகப்படுத்தினார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று அறிந்ததும் "நல்லது சார்" என்றார். என்னை விட ஓர் அகவை இளையவர்போல் 'சார்' என்றார். தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில்தான் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். அன்று வகுப்பில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குள் பதினைந்து ஆண்டுகளாக ஒரு வாக்கியம் இருந்தது. சட்டகம் போடாமலே மனப்பாடமாக இருந்த வாக்கியம். பின்னால் இருந்தவர்கள் உணவு வரிசையில் முன்னே போகச் சொன்னார்கள். போய்விட்டேன்.

இனி அந்த அட்டை. சபைகூடலில் அது படிக்கப்படவில்லை. தலைமையாசிரியர் அதை என்னிடம் ஒப்படைத்தார். பையனைத் தனியே அழைத்து, பிறர் பையைத் திறந்து அட்டையை எடுத்ததற்கு ஆசிரியர்கள் சார்பில் வருத்தம் தெரிவித்தேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை, அழத் தொடங்கிவிட்டான். ஒருவரைப் பிடிப்பது தவறில்லை. அவருக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடவேண்டும். நண்பர்களை வைத்து அவரைக் கேலி செய்யக்கூடாது. படிப்பு முன்னே இருக்கட்டும் என்று நான்கு செய்திகள் சொன்னேன். அந்த மாணவியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதால். இரு வீட்டாருக்கும் அறிவிக்கவேண்டும் என்று மூத்த ஆசிரியர் இன்னும் வலியுறுத்துகிறார். பெற்றோர்க்குத் தெரியும் உரிமை இல்லையா என்று அவர் கேட்பதை என்னால் முற்றாகத் தள்ள முடியவில்லை. பையனின் தாயாரிடம் மட்டும் தொலைபேசியில் பேசினேன். நல்லவேளையாக அவர் சிரித்துவிட்டு, "அவங்கப்பாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன் சார்" என்றார்.

அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கல்வி ஆண்டு முடியும் நாளில் திருப்பித் தருவதாக அவனிடம் வாக்களித்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை வந்து, பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டாம் முறை வந்தபோது, எழுத்துப்பிழை ஏதும் உண்டா என்றும் கேட்டான். ஒரு 'ப்' குறைகிறது என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.